செல்ஃப் இன்ட்ரோ கற்றுக்கொள்ள 3,500 ரூபாய்: கோவையில் ஒரு இரண்டு நாள் வகுப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வகுப்பின் பெயரைப் போடப் போவதில்லை. காந்திபுரம் பக்கம் போனால் மாடிக்கு மாடி இந்த மாதிரி பயிற்சி மையங்கள்தான். நான் போனதற்கும் பக்கத்துக் கட்டடத்தில் நடப்பதற்கும் போர்டின் நிறத்தைத் தவிர பெரிய வித்தியாசம் இருக்காது. "இன்டர்வியூவில் முதல் கேள்வியிலேயே ஜெயியுங்கள்" என்று நோட்டீஸ். சனி, ஞாயிறு இரண்டு நாள், மதியச் சாப்பாட்டோடு 3,500 ரூபாய். காசு கட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான்கு வருஷமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். காஸ்டிங் (உருகிய இரும்பை அச்சில் ஊற்றி எடுத்த பாகம்) வந்தால் அளந்து பார்ப்பது, ஓட்டை இருந்தால் திருப்பி அனுப்புவது, அதற்கு அதை வார்க்கும் ஃபவுண்டரிக்காரர்களிடம் திட்டு வாங்குவது, இதுதான் என் பொழுது. வேலை தெரியும். ஆனால் வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று போன இரண்டு இன்டர்வியூவிலும் முதல் கேள்வியிலேயே சறுக்கினேன். "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றதும் ஊர், பள்ளிக்கூடம், பத்தாவது மார்க், பன்னிரண்டாவது மார்க், காலேஜ், சிஜிபிஏ, அப்பா விவசாயம், அம்மா வீட்டில், ஒரு தங்கை, பொழுதுபோக்கு கிரிக்கெட் என்று மூச்சு விடாமல் சொல்லி நிமிர்ந்தால், எதிரில் இருந்தவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது இடத்தில் அந்த மேடம் பாதியிலேயே "ஓகே ஓகே" என்று நிறுத்தி, "இப்போ என்ன வேலை பண்றீங்க, அதைச் சொல்லுங்க" என்றார். நான்கு வருஷம் உழைத்தது என் கதையில் கடைசி வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தது, அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. இதையெல்லாம் வீட்டில் புலம்பியபோது அத்தை பையன்தான் அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு 34 பேர். பாதிப் பேர் கல்லூரி கடைசி வருஷம், மீதி என்னை மாதிரி. இரண்டு ஏசியில் ஒன்றுதான் ஓடியது, மே மாதத்தில் முழுக்கைச் சட்டையை இன் பண்ணி டை கட்டி வரச் சொல்லியிருந்தார்கள், கஷ்டம்தான். ட்ரெய்னருக்கு என் வயசுதான் இருக்கும், எல்லோரும் அவருக்கு ப்ரோ, சிஸ். நல்ல மனுஷர், சுறுசுறுப்பானவர், ஆனால் முதல் ஸ்லைடிலேயே எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. "நாம் சொல்வதில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55" என்று பெரிய வட்டப் படம்.

இந்தப் படத்தைப் பார்க்காத பயிற்சி வகுப்பே கிடையாது போல, காலேஜிலும் காட்டினார்கள். அதனால் ஒரு நாள் உட்கார்ந்து தேடிப் பார்த்திருந்தேன். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் பேராசிரியர் 1967ல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. அந்த ஆய்வில் யாரும் தன்னை அறிமுகம் செய்துகொள்ளவில்லை, வேலைக்கும் போகவில்லை. 'மேபி' மாதிரி ஒற்றை வார்த்தைகளை வெவ்வேறு தொனியில் ஒலிப்பதிவு செய்து, சில முகப் படங்களையும் காட்டி, சொன்னவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்டார்கள். வார்த்தை ஒன்று சொல்ல முகம் வேறொன்று சொன்னால் நாம் எதை நம்புகிறோம் என்பதுதான் விஷயம். விருப்பு வெறுப்பைப் பற்றிப் பேசாத இடத்தில் இந்தச் சூத்திரம் செல்லாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார். வார்த்தைக்கு 7 சதவீதம்தான் என்றால் நான் ஜப்பான் மொழியில் இன்ட்ரோ கொடுத்தாலும் 93 மார்க் வர வேண்டுமே! கையைத் தூக்கிக் கேட்கலாமா என்று நினைத்தேன், முதல் மணி நேரத்திலேயே வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆனால் இந்த ஸ்லைடை நம்பித்தான் அன்று காலை முழுவதும் நடப்பது எப்படி, கை குலுக்குவது எப்படி, நாற்காலியை இழுப்பது எப்படி என்றே ஓடியது. சொல்ல வேண்டிய விஷயத்துக்கு ஒரு மணி நேரம்கூட வரவில்லை.

அப்புறம் ஒரு தாள் கொடுத்தார்கள். கோடிட்ட இடங்களை நிரப்புக. "குட் மார்னிங் சார், இட்ஸ் மை ப்ளெஷர் டு இன்ட்ரொட்யூஸ் மைசெல்ஃப், ஐ ஆம் டேஷ், ஹெய்லிங் ஃப்ரம் டேஷ்." அதில் ஊரை நிரப்பி, படிப்பை நிரப்பி, பலம் என்ற இடத்தில் 'ஹார்ட் ஒர்க்கிங், குயிக் லேர்னர், டீம் பிளேயர்' மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, பலவீனம் என்ற இடத்தில் 'பெர்ஃபெக்ஷனிஸ்ட்' என்று போட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். மதியத்துக்கு மேல் 34 பேரும் வரிசையாக மேடையேறி ஒப்பித்தோம். எட்டாவது ஆள் வருவதற்குள் எனக்கு எல்லோருடைய இன்ட்ரோவும் மனப்பாடம். ஒரு கம்பெனியில் ஒரே நாளில் இந்த 34 பேரும் போய் உட்கார்ந்தால் அந்த ஹெச்.ஆர். நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஒரு நல்லதும் சொல்ல வேண்டும். "மைசெல்ஃப் இன்னார்" என்று ஆரம்பிக்கும் பழக்கத்தை அன்றைக்கே எல்லோரிடமிருந்தும் பிடுங்கி எறிந்தார் ட்ரெய்னர். யாராவது சொன்னால் மேஜையில் ஒரு தட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த 'மைசெல்ஃப்' நமக்கு எங்கே ஒட்டியது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இரண்டாம் வகுப்பில் 'மைசெல்ஃப்' என்று தலைப்புப் போட்டுப் பத்து வரி எழுதச் சொல்வார்களே, என் பெயர் இது, அப்பா பெயர் இது, எனக்குப் பிடித்த நிறம் நீலம் என்று, அந்தத் தலைப்பையே முதல் வார்த்தையாக்கிக்கொண்டோம். தலைப்பு மட்டுமா வந்தது, அந்தப் பத்து வரியும் அதே வரிசையில் கூடவே வந்துவிட்டது. இருபத்தைந்து வயதில் இன்டர்வியூ அறையில் நான் ஒப்பித்தது இரண்டாம் வகுப்புக் கட்டுரைதான், நிறத்துக்குப் பதில் கிரிக்கெட்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள்: சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு பொரியல். குறையில்லை. இரண்டாவது நாளும் அதேதான்.

ஞாயிறு காலை குரூப் டிஸ்கஷன். எனக்குச் சம்பந்தமில்லை, தூக்கம் வந்தது. நான் இதை எழுத உட்கார்ந்ததே ஞாயிறு மதியத்துக்காகத்தான்.

மாதிரி இன்டர்வியூ எடுக்க ஒரு பெரியவரைக் கூட்டி வந்திருந்தார்கள். மில்லில் ஆரம்பித்துப் பிறகு ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலையைப் பல வருஷம் பார்த்து ஓய்வு பெற்றவர். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, டை கிடையாது. ஆளுக்கு 20 நிமிஷம் தனியாக என்று நோட்டீஸில் போட்டிருந்ததற்கு எட்டு நிமிஷம்தான் கிடைத்தது, அதுவும் எல்லோர் முன்னாலும். இதைப் பெரிய குறையாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் மற்றவர்களுக்கு நடந்ததைப் பார்த்ததில் கற்றுக்கொண்டதுதான் அதிகம், அதனால் பாதி மன்னித்துவிட்டேன்.

என் முறை வந்தது. தாளில் இருந்ததை ஒப்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, என் ரெஸ்யூமேயைப் புரட்டிக்கொண்டிருந்தார். 'ஹார்ட் ஒர்க்கிங்' வந்ததும் கையைக் காட்டினார்.

"தம்பி, சோம்பேறின்னு சொல்லிக்கிட்டு யாராச்சும் உள்ள வருவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நீ பேசும்போது நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?" என்றார். ரெஸ்யூமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் சார் என்றேன். "அதுதான். முக்கால்வாசிப் பேரு உன் ரெஸ்யூமேயை அப்பத்தான் மொத தடவையாப் பார்ப்பாங்க. அந்த ஒன்றரை நிமிஷம் அவங்களுக்கு வேணும், அதுக்குத்தான் அந்தக் கேள்வி. நீ பேசறதுல ஏதாச்சும் ஒண்ணு காதுல விழுந்தா அதுல இருந்து அடுத்த கேள்வி வரும். ஒண்ணும் விழலைன்னா பேப்பர்ல கண்ணுக்குப் பட்டதக் கேப்பாங்க, அது உனக்குத் தெரியாததா இருந்துட்டா யாரு மேல தப்பு?"

இத்தனை நாளும் அந்தக் கேள்வியை ஒரு பரீட்சை வினாவாகத்தான் நினைத்திருந்தேன், சரியான விடை ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று. அடுத்து என்ன கேட்கலாம் என்பதை நம் கையில் கொடுக்கும் ஒரே கேள்வி அதுதான் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

அப்புறம் அவர் என்னையும் ஆங்கிலத்தை விடச் சொல்லிவிட்டார். "சரி, வேலை பண்ற ஷாப்புல கடைசியா நடந்த ஒரு சண்டையச் சொல்லு."

சண்டையா? சொன்னேன். போன வருஷம் ஜூலையில் ஒரு இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) காஸ்டிங்கில் திடீரென்று ப்ளோ ஹோல் வர ஆரம்பித்தது. கடைசல் போட்ட பிறகுதான் ஓட்டை தெரியும், அதனால் மெஷின் ஷாப் ஃபவுண்டரியைக் குறை சொல்லும், ஃபவுண்டரி மெஷின் ஷாப்பைக் குறை சொல்லும், நடுவில் நான். ஐந்நூறுக்கு நாற்பது போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வெறுத்துப்போய் நாலு காஸ்டிங்கை எடுத்து பேண்ட் சாவில் குறுக்கே அறுத்து மேஜையில் வைத்தேன். உள்ளே ஓட்டைகள் வழவழவென்று உருண்டையாக, எல்லாமே கோர் (காஸ்டிங்குக்குள் வெற்றிடம் வர அச்சுக்குள் வைக்கும் மணல் துண்டு) உட்காரும் பக்கத்திலேயே இருந்தன. காற்று அடைத்த ஓட்டை, மெஷினில் வந்ததல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கிற மாதம் அது, சிலிகேட் மணலில் செய்த கோரை இரண்டு மூன்று நாள் திறந்த இடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். கோர் ஈரம் குடித்துவிட்டது, உருகிய இரும்பு பட்டதும் அது ஆவியாகி உள்ளேயே நின்றது. கோரை அன்றன்றைக்குச் செய்து, மூடி வைத்து, ஊற்றும் முன் சூடு காட்டச் சொல்லிப் போராடி ஒத்துக்கொள்ள வைத்தேன். நாற்பது பன்னிரண்டாகக் குறைந்தது. அந்த ஃபவுண்டரி சூப்பர்வைசர் இன்னமும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அதையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இது எங்க இருக்குது இதுல?" என்று என் ரெஸ்யூமேயை என் பக்கம் திருப்பினார். 'ரெஸ்பான்சிபிள் ஃபார் இன்கமிங் இன்ஸ்பெக்ஷன்' என்று ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான்.

அன்றைக்கு எழுதிக்கொண்டு வந்த என் இன்ட்ரோ, தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "நான் நான்கு வருஷமாகப் பம்ப் காஸ்டிங்குகளின் குவாலிட்டி பார்க்கிறேன். வெளியிலிருந்து வரும் காஸ்டிங்கைச் சோதிப்பதும், ரிஜெக்ஷன் வந்தால் அதன் காரணத்தைத் தேடுவதும் என் பொறுப்பு. போன வருஷம் ஒரு இம்பெல்லரில் ஐந்நூறுக்கு நாற்பது ரிஜெக்ட் ஆனது, கோரில் ஈரம் என்று கண்டுபிடித்துப் பன்னிரண்டுக்குக் கொண்டு வந்தோம். மெக்கானிக்கல் படித்திருக்கிறேன், சொந்த ஊர் பொள்ளாச்சி பக்கம். உங்களிடம் ஃபவுண்டரியும் மெஷின் ஷாப்பும் ஒரே இடத்தில் இருப்பதால் இந்த வேலையை இன்னும் கிட்டே இருந்து செய்யலாம் என்று வந்தேன்." ஒரு நிமிஷம்கூட ஆகாது. காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறேன், கேட்கட்டும்.

மற்றவர்களுக்கு நடந்ததிலும் இரண்டைச் சொல்ல வேண்டும். குழந்தைக்காக மூன்று வருஷம் வேலையை விட்டிருந்த ஒரு அக்கா வந்திருந்தார், அக்கவுன்ட்ஸ் வேலை. அந்த இடைவெளியைக் கடைசி வரை வாயைத் திறக்காமல் வைத்துக்கொள், கேட்டால் 'ஃபேமிலி ரெஸ்பான்சிபிலிட்டீஸ்' என்று சொல் என்று சனிக்கிழமை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெரியவர் கேட்டார், "அம்மிணி, பேப்பர்ல தேதி இருக்குதில்ல, அதை எப்படி மறைப்பீங்க? கொழந்தைக்காக மூணு வருஷம் வீட்ல இருந்தேன், இப்ப ஸ்கூல் போறான், திரும்ப வர்றேன்னு மொதல்லயே ஒரே வரியில சொல்லிட்டு, டேலியில என்ன தெரியும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எத்தனை போட்டிருக்கீங்க, அதுக்குப் போயிருங்க." அந்த அக்கா இரண்டாவது தடவை பேசியபோது குரலே வேறு மாதிரி இருந்தது. மறைக்க ஒன்றுமில்லாதபோது வருகிற குரல்.

இன்னொரு பெண் வங்கி பிஓ (அதிகாரி) தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ்ஸில் நேர்காணலுக்கு 100 மார்க், கடைசிப் பட்டியலில் மெயின் எழுத்துத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதத்தில் சேர்ப்பார்கள். அவருக்கும் அதே கோடிட்ட தாள்தான்! தனியார் கம்பெனியும் வங்கி போர்டும் ஒன்றா? அங்கே நான்கைந்து பேர் உட்கார்ந்து, நீங்கள் எழுதிக் கொடுத்த விவரத்தை வைத்துக்கொண்டு, இன்ஜினியரிங் படித்துவிட்டு வங்கிக்கு ஏன், உங்கள் ஊரில் என்ன விளைகிறது என்றெல்லாம் கேட்பார்கள். ஊரும் படிப்பும் அங்கே வளவளா பேச்சில்லை, அதிலிருந்துதான் கேள்வியே வரும். பெரியவரே "இது எனக்குத் தெரியாத ஏரியா, தெரிஞ்சவங்க கிட்டக் கேட்டுக்க" என்று சொல்லிவிட்டார். அந்த நேர்மை பிடித்திருந்தது, ஆனால் அந்தப் பெண் கட்டியதும் 3,500தானே.

மொழி விஷயத்திலும் எனக்கு வருத்தம் உண்டு. அந்தப் பெரியவரைத் தவிர்த்தால் இரண்டு நாளும் பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில். யூபிஎஸ்சி நேர்முகத் தேர்வையே தமிழில் கொடுக்கலாம், ஆனால் காந்திபுரத்து மாடியில் தமிழில் வாயைத் திறந்தால் பத்து ரூபாய் ஃபைன். மூன்று வாரம் கழித்து குறிச்சி பக்கம் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன், முதலாளியே எடுத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊருங்க தம்பி? அப்பா என்ன பண்றாரு?" என்பது. குடும்பத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று வகுப்பில் சட்டம் போட்டிருந்தார்கள், அது சென்னை ஓஎம்ஆர் ரோட்டு ஐடி கம்பெனிக்குச் சரியாக இருக்கலாம். இங்கே முதலாளி கேட்கும்போது "அது தேவையில்லை சார்" என்றா சொல்ல முடியும்? ஊர்ப் பெயரைக் கேட்டு அதற்குப் பின்னால் சிலர் எதைத் தேடுகிறார்கள் என்று நமக்கும் தெரியும், எனக்கும் பிடிக்காது. ஆனாலும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு, "நான்கு வருஷமா காஸ்டிங் குவாலிட்டி பாக்கறனுங்க" என்று என் பாட்டைத் தொடங்கிவிட்டேன். ஈரக் கோர் என்றதும் அவர் நிமிர்ந்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" அவ்வளவுதான், அடுத்த இருபது நிமிஷமும் மணல், கோர், அடுப்பு என்று பேசிக்கொண்டே போய்க் கடைசியில் ஷாப்பையே சுற்றிக் காட்டினார். சிஜிபிஏ பற்றிக் கேட்கவே இல்லை. வேலைக்கும் கூப்பிட்டார்கள், இப்போது வாங்குவதைவிட இரண்டாயிரம்தான் அதிகம் என்பதால் போகவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மிச்சக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 'பிளேஸ்மென்ட் உதவி' என்பது வாட்ஸ்அப் குரூப்பில் வரும் வேலை லிங்குகள், பாதி காலாவதியானவை. சர்டிபிகேட் ஒன்று லேமினேட் பண்ணிக் கொடுத்தார்கள், அதை எந்த இன்டர்வியூவில் காட்டுவது? முடியும்போது 9,500 ரூபாய்க்கு 'அட்வான்ஸ்ட்' வகுப்பில் சேரச் சொல்லி அரை மணி நேரம் கதவை அடைத்துக்கொண்டு பேசினார்கள், அது ஞாயிறு மதியத்தின் நேரத்திலிருந்து போனது. வீடியோ எடுத்துக் கொடுத்தது மட்டும் உருப்படி. அதில் பார்த்தால் நான் பேசுகிற நேரமெல்லாம் என் கட்டைவிரல் ஃபைலின் கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது, டிக் டிக் என்று சத்தம் வேறு. 'பேசிக்கலி' என்று பதினொரு தடவை. இதைத் தெரிந்துகொள்ள வகுப்பு தேவையில்லை, செல்போனைச் சன்னலில் சாய்த்து வைத்து வீட்டிலேயே எடுக்கலாம், தங்கையை எதிரில் உட்கார வைத்தால் இலவசமாகவே அவமானப்படுத்துவாள்.

கல்லூரியில் படிக்கிறவர்கள் காசு கட்டும் முன் 2022ல் தமிழக அரசு ஆரம்பித்த நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பயிற்சி இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். போட்டித் தேர்வுக்காரர்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் நடக்கிறது, கட்டணம் இல்லை. அந்த வங்கிப் பெண்ணுக்கு இதைத்தான் சொன்னேன்.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். அதில் இரண்டு அந்தப் பெரியவருக்கு, அரை 'மைசெல்ஃப்' ஒழிப்புக்கு. போன வாரம் தம்பி முறையில் ஒருவனுக்காக ஃபோன் செய்து, ஞாயிறு மதியம் மட்டும் தனியாக வர முடியுமா, எவ்வளவு என்று கேட்டேன். "அது பேக்கேஜ்ல மட்டும்தான் ப்ரோ" என்றார்கள். அந்தப் பெரியவர் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருகிறாராம், எந்த ஞாயிறு என்று கேட்டுக்கொண்டு காசு கட்டுங்கள்.